மைக் கடைசியில் வரட்டும்: வீட்டில் குரல் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

நான் வாங்கிய முதல் கண்டன்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் விடாமல் பிடிக்கும் வகை) ரொம்ப நல்ல மைக். வினையே அதுதான். மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தையை ஹாலில் உட்கார வைத்து ஒரு தாலாட்டைப் பதிவு செய்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் அத்தை குரலோடு மூன்றாம் வீட்டுக் குக்கர் விசில், பஸ் ஹாரன், தலைக்கு மேலே ஓடிய ஃபேன் என்று எல்லாம் தெள்ளத் தெளிவாக விழுந்திருந்தது. அத்தை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "மருமகனே, இது என் குரல் மாதிரியே இல்லையே. கெணத்துக்குள்ள இருந்து பாடுன மாதிரில்ல இருக்கு" என்றார்.

மறுநாள் வெறுத்துப்போய், மெத்தை தலையணையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் பின் அறையில், என் போனை வைத்தே அதே பாட்டைப் பதிவு செய்தேன். போன் ஜெயித்தது. பல ஆயிரம் ரூபாய் மைக் ஹாலில் செய்ய முடியாததை, சட்டைப்பையில் கிடந்த போன் பின் அறையில் செய்துவிட்டது.

அன்றிலிருந்து யாராவது "அண்ணே, என்ன மைக் வாங்கலாம்?" என்று கேட்டால், "எந்த ரூம்ல பாடப் போறே?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். முதலில் அறை, அப்புறம் ஹெட்போன், அப்புறம் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கடைசியில் மைக். கடைக்குப் போனால் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்கள் விற்பது மைக். மெத்தை விற்பது வேறு கடை.

முதல் படி: காசு செலவழிக்காமல் அறையைக் கேளுங்கள்

ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு இயர்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டு, என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரிட்ஜ் முனகுவது, மாடியில் நாற்காலி இழுபடுவது, தெருவில் ஆட்டோ திரும்புவது, குழாய் சொட்டுவது. நிறுத்தக்கூடியது எது, நிறுத்த முடியாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜை ஒரு மணி நேரம் நிறுத்தலாம், பால் கெட்டுப்போகாது. மீண்டும் போட மறந்துவிட்டால் கெட்டுப்போகும்; சாவிக் கொத்தை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது என் வழக்கம்.

எம்.எஸ். பிறந்ததும் டி.எம்.எஸ். பிறந்ததும் இந்த ஊரில்தான். தொண்டைக்கு இங்கே பஞ்சமே இல்லை, அமைதிக்குத்தான் பஞ்சம். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம், பதிவு செய்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் வீட்டில் நல்ல நேரம் என்பது இரவு ஒன்று முதல் நான்கு வரை. மார்கழியில் அதுவும் குறைந்துவிடும், விடிவதற்குள் கோயில் ஸ்பீக்கர் தொடங்கிவிடும். ஆடி மாதமும் சித்திரைத் திருவிழா நாட்களும் கணக்கிலேயே வராது. பதிவுத் தேதி வைக்கும்முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்க்கிறேன். முகூர்த்தம் என்றால் தள்ளிப் போடுகிறேன், தெருமுனையில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

அடுத்தது எதிரொலி. அறையின் நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் தொங்கினால், எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி தட்டி விளையாடுகின்றன என்று அர்த்தம். நம் வீடுகளில் இது சகஜம். சிமென்ட் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, எல்லாமே வழவழப்பு. இதிலும் பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் ரொம்ப மோசம். பத்தடி இடைவெளியில் 57, 113, 170 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) என்ற கணக்கில் சில சுருதிகள் மட்டும் உப்பிக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் அதே சுருதிகளே உப்பும். ஆண் குரலின் அடிப்பகுதி சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. சில ஸ்வரங்கள் மட்டும் குடத்துக்குள் பாடியதுபோல் வீங்கிக் கேட்பது இதனால்தான்.

இப்போது ஒரே வரியை வீட்டில் நான்கு இடங்களில் பாடுங்கள். ஹால், படுக்கை அறை, துணி தொங்கும் கொடிக்குப் பக்கம், சாமான் அறை. போன் ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டால் உங்கள் ஸ்டூடியோ எது என்று காது சொல்லிவிடும். அறைக்குள்ளும் நட்ட நடுவிலோ மூலையிலோ நிற்க வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்து நின்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரும்பு பீரோ இருக்கிற அறையானால் அதை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். 'டொய்ங்' என்கிறதா? நீங்கள் பாடும்போது அதுவும் கூடவே பாடும். உள்ளே துணியை இறுக்கி அடுக்கி, கதவின் மேல் கனமான போர்வையைப் போட்டால் அடங்கும். எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய அலமாரியும் இதே ரகம்.

இரண்டாம் படி: பஞ்சும் போர்வையும்

இங்கே இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று, உள்ளே எழுகிற எதிரொலியை விழுங்குவது இன்னொன்று. தடுப்பதற்குக் கனமும் அடைப்பும் வேண்டும். கதவிடுக்கை அடைப்பது, ஜன்னல் கண்ணாடிக்கு ரப்பர் போடுவது போன்றவை ஓரளவு உதவும். பஞ்சும் ஃபோமும் ஆட்டோ சத்தத்தை நிறுத்தாது, அவை விழுங்கத்தான். முட்டை அட்டை இரண்டையுமே உருப்படியாகச் செய்யாது. அதைச் சுவர் முழுக்க ஒட்டி, பிறகு பல்லிக்கும் கரப்பானுக்கும் வாடகை வாங்காமல் வீடு கட்டிக் கொடுத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

விழுங்குவதற்குத் தடிமன் முக்கியம். சத்த அலையின் நீளத்தில் கால் பங்கு அளவுக்குச் சுவரிலிருந்து பஞ்சு வெளியே வந்து நின்றால் அந்த அலையை அது நன்றாகப் பிடிக்கும். 1,000 ஹெர்ட்ஸ் அலைக்கு இந்தக் கால் பங்கு சுமார் 8.6 செ.மீ. 400 ஹெர்ட்ஸுக்கு 21 செ.மீ. ஒரு அங்குல ஃபோமைச் சுவரோடு ஒட்டினால் 'ஸ்' போன்ற உச்ச ஒலிகளைத்தான் அது தின்னும். குரலில் பெட்டிக்குள் பேசுகிற தன்மையைக் கொண்டுவருகிற 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதி அப்படியே இருக்கும். மினுக்கம் போய் மந்தமான எதிரொலி மட்டும் மிஞ்சும். ஒன்றும் ஒட்டாமல் விட்டதே தேவலை என்று தோன்றும்.

நமக்குக் கையருகே இருப்பது இலவம்பஞ்சு மெத்தை. போடி பக்கத்துப் பஞ்சில் தைத்த நான்கு அங்குல மெத்தை ஒன்றைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிமிர்த்தி வைத்தால், மொத்தம் 20 செ.மீ. கிடைத்துவிடுகிறது. பின்னால் இருக்கும் காற்று இடைவெளிக்குக் காசு கிடையாது, ஆனால் பாதி வேலையை அதுதான் செய்கிறது. மெத்தை இல்லையா, இரண்டு மூன்று ஜமுக்காளங்களை மடித்துக் கொடியில் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கனத்த விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது? பலரும் தவறு செய்வது இங்கேதான். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஃபோம் கவசம் மாட்டுகிறார்கள். பாட்டு மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்னால் இருப்பதைக் கேட்கும், முதுகுப் பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அதாவது மைக் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தேதான் பார்க்கிறது. மெத்தை நிற்க வேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப் பக்கம். இன்னொன்று கிடைத்தால் பக்கவாட்டில். மைக்கின் முதுகை ஜன்னல் பக்கமோ சத்தம் வருகிற வேறு பக்கமோ திருப்பி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் செய்து பதிந்ததைக் கேட்டுவிட்டு, புது மைக் வாங்கிவிட்டாயா என்று கேட்டவர்கள் உண்டு.

மூன்றாம் படி: ஹெட்போன்

நீங்கள் கேட்பதை நம்ப முடியாவிட்டால் அடுத்து வாங்குகிற எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் மைக்குக்கு முன் ஹெட்போன். காதை முழுக்க மூடுகிற, பின்புறம் அடைத்த வகையே வேண்டும். திறந்த வகை கேட்பதற்குச் சுகமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து கசியும் தாளம் மைக்கில் ஏறிவிடும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா எம் வரிசை, பேயர்டைனமிக் டிடி 770 எல்லாம் பல வருஷமாக ஸ்டூடியோக்களில் ஓடுபவை. டிடி 770 வெவ்வேறு ஓம் (மின்தடை) அளவுகளில் வருகிறது. 250 ஓம் வாங்கிவிட்டுச் சின்ன இன்டர்ஃபேஸில் சத்தம் போதவில்லை என்று புலம்ப வேண்டாம், 80 போதும்.

புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு ஆகாது. நீங்கள் பாடியது காதுக்குத் திரும்பி வருவதற்குள் தாளம் நழுவிவிடும்.

கர்நாடக சங்கீதம் பாடுகிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடிப் பழகியிருப்பீர்கள். பதிவின்போது அதே அறையில் அது ஒலித்தால் உங்கள் குரலோடு பின்னிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சுருதி ஹெட்போனில் வரட்டும். இரண்டு காதையும் அடைத்தால் சுருதி விலகுகிறது என்பவர்கள் ஒரு காதை மட்டும் திறந்துகொள்ளலாம். ஆனால் கழற்றிய பக்கத்துக் கிண்ணத்தைத் தலையோடு அழுத்தி வையுங்கள், காற்றில் விட்டால் கசியும்.

ஸ்டூடியோ ஸ்பீக்கர் ஜோடி இப்போது வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் அது உங்களிடம் பொய்தான் சொல்லும்.

நான்காம் படி: இன்டர்ஃபேஸ்

மைக்கின் மெல்லிய மின் சமிக்ஞையைப் பெரிதாக்கி, எண்களாக மாற்றி, கணினிக்கு அனுப்புகிற பெட்டி. இதன் விளம்பரங்களில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று, அதாவது வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண்ணை, கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே அதில் பாதி, 22 வரை கிடைத்துவிடும். வீடியோவுக்குப் போகிற பாட்டு என்றால் 48 வைத்துக்கொள்ளுங்கள். பிட் அளவு (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது) மட்டும் 24 ஆக இருக்கட்டும். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவே 16 பிட்டில் 96 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இடம், 24 பிட்டில் கணக்குப்படி 144. இந்தக் கூடுதல் இடம் இருப்பதால் சத்தத்தை உச்சிக்குத் தள்ளாமல் நிதானமாகப் பதியலாம்.

பார்க்க வேண்டிய எண் கெய்ன், அதாவது மைக்கின் சமிக்ஞையை இந்தப் பெட்டி எவ்வளவு பெரிதாக்கும் என்பது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 என்ற கண்டன்சர் மைனஸ் 37 டெசிபல் அளவில் சமிக்ஞை தருகிறது. ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் (இந்த வகை பற்றி அடுத்த படியில்) தருவது மைனஸ் 54.5. அதே கம்பெனியின் இன்னொரு டைனமிக்கான எஸ்எம்7பி மைனஸ் 59. அந்த இடைவெளியை இன்டர்ஃபேஸ்தான் நிரப்ப வேண்டும். எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் சுத்தமான கெய்ன் தேவை. நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸில் இருப்பது 57, அதன் அண்ணன் 2ஐ2-வில் 69. பாட்காஸ்ட்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று எஸ்எம்7பி வாங்கி, சின்ன இன்டர்ஃபேஸில் செருகி, குமிழை முழுக்கத் திருகியும் குரல் முணுமுணுப்பாக வந்து, அதைக் கூட்டப்போய் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலெழும்பி... இது வாரத்துக்கு ஒருவர் என்னிடம் சொல்கிற கதை.

மற்றபடி கண்டன்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இருக்கிறதா, பாடுவதை நேரடியாகக் காதில் கேட்கும் டைரக்ட் மானிட்டர் வசதி இருக்கிறதா, விண்டோஸுக்குச் சொந்தமாக ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) தருகிறார்களா என்று பாருங்கள். டைரக்ட் மானிட்டர் இருந்தால் தாமதப் பிரச்சினையே இல்லை. மென்பொருள் வழியாகத்தான் கேட்பேன், கொஞ்சம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) இல்லாமல் பாட வராது என்பவர்கள் பஃபரை (கணினி ஒரே தடவையில் சேர்த்து வைக்கும் ஒலித் துணுக்கின் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்கிப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு திசைக்கு அது 2.7 மில்லிசெகண்ட்தான். தனியாகப் பாடுகிறவருக்கு ஒரு மைக் உள்ளீடு போதும். ஹார்மோனியமோ தப்பு மேளமோ கூட வரும் என்றால் இரண்டு.

கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக் வாங்கினால் இந்தப் பெட்டியே வேண்டாமே என்று கேட்கலாம். பேச்சுக்கு அது போதும். பாட்டுக்கு என்றால், நாளைக்கு வேறு மைக் மாற்ற நினைக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டியிருக்கும்.

மென்பொருளுக்கு இப்போது காசு போட வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் 60 நாள் முழுதாகப் பழகிப் பார்க்கத் தருகிறது.

ஐந்தாம் படி: இப்போது மைக்

உங்கள் அறை என்ன நிலையில் இருக்கிறது என்று இதற்குள் தெரிந்திருக்கும். மைக்கைத் தீர்மானிப்பது அதுதான்.

கண்டன்சர் மைக்கின் சவ்வு மிக மெல்லியது, சின்ன அசைவுக்கும் ஆடும். அதனால் மூச்சு, கமகத்தின் நெளிவு, சொல்லின் ஓரத்து நுணுக்கம் எல்லாம் கிடைக்கும். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச் சுருளும் சேர்ந்து காந்தத்துக்குள் ஆட வேண்டும். கனம் அதிகம், நுணுக்கம் குறைவு. டைனமிக் வெளிச் சத்தத்தை 'எடுக்காது' என்று சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. டைனமிக்கை நாம் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைக்கிறோம், கண்டன்சரை ஒரு சாணில். தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடுகிறது, அறையின் சத்தம் அப்படியே நிற்கிறது. உங்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தத் தூரம்தான். கண்டன்சரையும் கிட்டே வைத்து, கெய்னைக் குறைத்துப் பாடினால் அதே நன்மையில் பெரும் பங்கு கிடைக்கும்.

கிட்டே போவதற்கு ஒரு விலையும் உண்டு. கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். மெல்லிய குரலுக்கு அது வரம், ஏற்கனவே கட்டைக் குரலாக இருந்தால் சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடு மாதிரி ஆகிவிடும்.

அட்டைப் பெட்டியில் சுய இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சல், என்று ஓர் எண் இருக்கும். ரோடு கம்பெனியின் என்டி1-ஏ 5 டெசிபல், ஏடி2020 20 டெசிபல். 15 டெசிபல் வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஊருக்குள் இருக்கும் வீட்டில், ஜன்னலைச் சாத்திய பிறகும் இரவில் அறை 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த அறையில் 5-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் ஆட்டோ சத்தத்துக்கு அடியில் புதைந்துவிடும். அழகர்கோயில் பக்கம் தோப்பு வீடு இருப்பவர்கள் அந்த எண்ணுக்குக் காசு கொடுக்கலாம். நான் கொடுக்க மாட்டேன்.

என் பரிந்துரை இப்படி. தெருச் சத்தம் அடங்காத வீடு, அல்லது திறந்த தொண்டையில் பாடுகிற நாட்டுப்புறக் குரல் என்றால் டைனமிக். எஸ்எம்58 1966-இல் வந்தது, இன்னும் மேடைகளில் அதுதான் ராஜா. வீட்டிலும் வெட்கப்படாமல் பயன்படுத்தலாம். பின் அறை மெத்தையோடு நன்றாக அமைந்து, குரலும் மென்மையாக, கமகம் நிறைந்ததாக இருந்தால் பெரிய சவ்வுள்ள கண்டன்சர். எஸ்எம்58-க்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. பாதி விலையில் புதுசு என்று யாராவது நீட்டினால் வாங்காமல் திரும்புங்கள். வெளியே பார்க்க அசல் மாதிரியே இருக்கும், உள்ளே இருக்கிற கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் பகுதி) வேறாக இருக்கும்.

முடிந்தால் வாங்கும் முன் இரவல் வாங்கிப் பாருங்கள். தெரிந்த மைக்செட்காரர் இல்லாத தெரு நம் ஊரில் உண்டா? சீசன் இல்லாத நாளில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டு மைக் ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும். சோதிக்க நான் வைத்திருக்கும் வாக்கியம்: "பாப்பம்பட்டிப் பஸ்ஸில் சின்னச் சின்னப் பச்சைப் பசுங்கிளி, மழையில் வாழைப்பழம் சாப்பிட்டது." பொருள் தேடாதீர்கள். 'ப' வெடிக்கிறதா, 'ஸ்', 'ச்' காதைக் குத்துகிறதா, 'ழ' குழைந்து வருகிறதா என்று பார்க்கத்தான். பிறகு உங்கள் பாட்டிலிருந்து மிக மெல்லிய வரி ஒன்று, உச்ச ஸ்தாயி வரி ஒன்று. இரண்டு மைக்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். சிலர் குரலில் 'ஸ்' இயல்பாகவே கூர்மை. அவர்களுக்கு விலை உயர்ந்த, பளிச்சென்ற கண்டன்சரைவிட மந்தமான டைனமிக் அழகாக அமைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: சில்லறைச் சாமான்கள், கரண்டு

பாப் ஃபில்டர் கட்டாயம். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து 'பாப்பா' என்று சொல்லுங்கள், காற்று மோதும். அது மைக்கில் மோதினால் 'டுப்'. எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இறுக்கிக் கட்டினாலே போதும், மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிற்கட்டும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாயைப் பார்க்கத் திருப்பினால் இன்னும் நல்லது.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். லேசான ஸ்டாண்டு கனமான கண்டன்சரின் பாரத்தில் பாட்டின் நடுவே பைய பையத் தலை குனியும்.

கேபிள் மூன்று முள் எக்ஸ்எல்ஆர், மூன்று மீட்டர். மைக்செட் கடைகளில் நல்ல கனெக்டர் போட்டுச் சால்டர் செய்து தருவார்கள். கூடவே நின்று செய்து வாங்குங்கள்.

கரண்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் 'ம்ம்ம்' என்ற ஒரு ரீங்காரம் தொடர்ந்து கேட்டால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். போய்விட்டால் அந்த இரவு பேட்டரியிலேயே பதியுங்கள். போகவில்லை என்றால் ஃபேன் ரெகுலேட்டர். பழைய பெட்டி ரெகுலேட்டர் இல்லை, இப்போது போடுகிற எலெக்ட்ரானிக் குமிழ் வகை. அது மின் அலையை நறுக்கி நறுக்கி விடுவதால் 'ஜ்ர்ர்' என்று ஒரு சத்தம் கேபிளில் ஏறும். பக்கத்து அறையில் ஃபேன் ஓடினாலும் வரலாம். சதுர அலை இன்வெர்ட்டரும் அப்படித்தான். கரண்டு போன நேரத்தில் அதில் ஓட்டிப் பதிவதைவிட, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரியில் பதிவது மேல். கரண்டு போன தெரு எவ்வளவு அமைதி என்பது கூடுதல் லாபம். லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்றால் வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ரீங்காரம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்குவது உயிரோடு விளையாடுவது.

பணத்தை எப்படிப் பிரிப்பது

30,000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். நான் அறைக்கு 4,000, ஹெட்போனுக்கு 5,000, இன்டர்ஃபேஸுக்கு 10,000, மைக்குக்கு 8,000, ஸ்டாண்டு, கேபிள், பாப் ஃபில்டருக்கு 3,000 என்று வைப்பேன். கையில் 10,000 மட்டுமே இருந்தால்? மைக் வாங்காதீர்கள். மெத்தை, ஹெட்போன், அப்புறம் போன். மீதியைச் சேர்த்து வையுங்கள். 20,000-க்கு மைக் மட்டும் வாங்கி ஹாலில் வைப்பதைவிட இது நன்றாக ஒலிக்கும் என்பதற்கு என் அத்தையே சாட்சி.

ஏழாம் படி: முதல் இரவு

எல்லாம் வந்தாயிற்று. மெத்தை முதுகுப் பக்கம், மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம், போன் ஏரோபிளேன் மோடில். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லிக் கெய்ன் வையுங்கள். மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் அருகிலும் உச்சம் மைனஸ் 8-ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். ஒத்திகையில் பாடுவதைவிட நிஜமாகப் பாடும்போது எல்லோரும் கூடுதலாகவே பாடுவார்கள், அந்த இடம் வேண்டும். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தால் அந்த வரி போனதுதான், எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது.

பிறகு பாடாமல் ஒரு நிமிஷம் பதிந்து மீட்டரைப் பாருங்கள். மைனஸ் 55-க்குக் கீழே நின்றால் தாராளம். அதற்கு மேலே நின்றால் மைக்கைக் குறை சொல்வதற்கு முன், முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.

உச்ச வரியில் தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கவும், மெல்லிய வரியில் முன்னே வரவும் பழகுங்கள். 1925-இல் மின்சாரப் பதிவு வருவதற்கு முன், கிராமபோன் பாடகர்கள் குழாய்க்கு முன்னால் நின்று இதைத்தான் செய்தார்கள், வேறு வழி அவர்களுக்கு இல்லை. இரண்டு அங்குல அசைவு போதும். நாற்காலியைவிட நின்று பாடுவது நல்லது. தரையில் சம்மணமிட்டுப் பாடிப் பழகியவர்களை நிற்க வைக்காதீர்கள், ஸ்டாண்டை இறக்குங்கள்.

வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்டன்சர் சவ்வு பொரிகிற மாதிரி சத்தம் போடும். எண்ணெய்ப் பலகாரம் வாசம் வருகிற சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு பதிவை உடனே நிறுத்தாமல் 20 வினாடி அப்படியே ஓடவிடுங்கள். அறையின் வெறும் மௌனம் அதில் கிடைக்கும். இரைச்சலைக் குறைக்கிற மென்பொருளுக்கு அதுதான் மாதிரி, வரிகளை ஒட்டுப் போடும்போது இடைவெளியை நிரப்பவும் உதவும். இதை அத்தைக்கு விளக்கமாகச் சொல்லி, பாடி முடித்ததும் அசையாமல் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கித்தான் மறுபடி அந்தத் தாலாட்டைப் பதிந்தேன். பாட்டு அருமையாக வந்தது. பதினெட்டாவது வினாடியில், மைக்குக்கு நாலு விரல் தூரத்தில், "முடிஞ்சிருச்சா மருமகனே?"